முதல்முறை சொல்லும்போது

வியாழன்

ரங்கநாயகி அக்கா என்னிடம் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். மற்ற எல்லாவற்றையும் நடந்த வரிசையில் எழுதுகிறேன். சட்டக் கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இப்படி எழுதிப் பழகிவிட்டேன். வரிசையாக எழுதினால் என் தவறு எந்த இடத்தில் தொடங்கியது என்று தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் முதல் வரியிலேயே தொடங்கியிருக்கும்.

கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியின் பணியாளர் பிரிவில் நான் உதவியாளர். யாராவது புகார் கொடுத்தால் கோப்பு தயாரிப்பேன், விசாரணைக் குழுவுக்கு அறை ஏற்பாடு செய்வேன், புகார் கொடுத்தவரை அழைத்து வருவேன். என் மேலாளர் வசுந்தரா மேடம். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை.

ரங்கநாயகி அக்கா மோட்டார் சுற்றும் பிரிவில் இருக்கிறார். செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி மோட்டாருக்குள் இறக்கும் வேலை. பிரிவு மேலாளர் பிரசன்னகுமார் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொள்கிறார் என்று ஒரே வரியில் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு மேல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். காரணம், விளக்கு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வசுந்தரா மேடம்தான் எனக்கு விளக்கைப் பற்றிச் சொன்னார்.

"ஒரு விஷயத்த மொத தடவ சொல்றப்ப மூளை தேடித் தேடிச் சொல்லும், சுபி. ரெண்டாந்தடவ தேடாது. மொத தடவ சொன்னதையே திருப்பிச் சொல்லும். நெத்தியில கட்ற பட்டை அந்த ஒரு வித்தியாசத்தத்தான் பாக்குது. தேடுனா பச்சை. ஒப்பிச்சா மஞ்சள்."

"பொய் சொன்னா, மேடம்?"

"பொய்யும் முன்னாடியே செஞ்சு வச்சதுதான? ஒப்பிக்கறதுதான். மஞ்சள்."

"அப்ப உண்மையவே ரெண்டாவது தடவ சொன்னா?"

மேடம் சிரித்தார். "லா காலேஜ் போற புள்ளையாச்சே" என்றார். பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

முன்பெல்லாம் ஒரு பெண் புகார் சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள் என்பார்களாம். அந்தப் பேச்சை ஒழிக்கத்தான் முதற்சொல் சட்டம் வந்தது. பச்சை எரிந்தபடி சொல்லப்பட்ட சொல்லை எவரும் சந்தேகிக்க முடியாது. எங்கள் பாடப்புத்தகம் இதைப் பெண்களுக்குக் கிடைத்த வெற்றி என்கிறது. நான் தேர்விலும் அப்படியே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

சென்ற திங்கட்கிழமை காலை மேடம் என்னை அழைத்தார். "புதன்கிழம விசாரணை. அந்தம்மா பயந்துபோயி இருக்காங்க. பயத்தோட உக்காந்தா கருவி குழம்பும். நீ கோப்ப எடுத்துட்டுப் போயி டீ குடு, வர்க்கி குடு, கொஞ்சம் மனசு விட்டுப் பேச வை."

அப்படியே செய்தேன். சின்ன அறை. நானே போட்ட டீ, தோய்த்துத் தின்ன மொறுமொறுப்பான வர்க்கி. "சொல்லுங்கக்கா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த கோப்பைப் பார்த்தார், சொல்லத் தொடங்கினார். முழுவதையும் சொன்னார்.

திரும்பி வந்ததும் மேடம் கேட்டார். "பேசுனாங்களா?"

"பேசுனாங்க மேடம்."

"சரி, போதும்."

என்ன சொன்னார் என்று மேடம் கேட்கவே இல்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று விசாரணை. அக்கா நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்திலேயே மஞ்சள். அவர் அதைப் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினார். இன்னும் அடர்ந்த மஞ்சள். குழுத் தலைவர் தாளில் 'பழஞ்சொல்' என்று எழுதிப் புகாரை முடித்தார்.

"திங்கக்கிழமையிலிருந்து வழக்கம்போல வேலைக்கு வாங்கம்மா."

"அதே மேஜையா சார்?"

"வேற மேஜை காலி இல்லைங்களே."

இந்த இரண்டு ஆண்டுகளில் நான் அழைத்து வந்த பெண்கள் இவருக்கு முன் மூன்று பேர். மூவருக்கும் மஞ்சள். மூவரும் பொய் சொன்னார்கள் என்று நேற்றுவரை நம்பியிருந்தேன். மூவருக்கும் டீ போட்டுக் கொடுத்தது நான்தான்.

மாலை வண்டி நிறுத்துமிடத்தில் அக்கா நின்றிருந்தார். எனக்காகத்தான்.

"டீயெல்லாம் நல்லாத்தான் போட்டுக் குடுத்தீங்க மேடம். வர்க்கி வேற."

"அக்கா, நான் வேணும்னு..."

"வேணும்னு பண்ணுனீங்கன்னு நானெங்க சொன்னேன்? எட்டு மாசமா எங்கூட்டுக்காரர்கிட்டக்கூடச் சொல்லலைங்க. எங்கம்மாகிட்டயும் சொல்லல. பக்கத்து மேஜைல இருக்கறவ 'வெளக்குக்கு வச்சுக்க, வாயத் தொறந்துராத'ன்னா. வச்சிருந்தேன். நீங்க கோப்பத் தூக்கிட்டு வந்து உக்காந்து 'சொல்லுங்கக்கா'ன்னீங்க. இதுதான் விசாரணைன்னு நெனச்சுட்டேன். வெளக்க எங்கயாச்சும் மேல ஒளிச்சு வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"இப்ப வேலைய விட்டா, பொய் சொல்லி மாட்டிக்கிட்டு ஓடிட்டாம்பாங்க. இருந்தா அந்தாளு முன்னாடிதான் இருக்கோணும். எந்தப் பக்கம் போறதுன்னு உங்க சட்டத்துல போட்டிருக்குதுங்களா?"

வகுப்புக்குப் போனேன். பாடம் காதில் விழவில்லை. முதற்சொல் சட்டத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். தேர்வுக்கு வராத பக்கங்கள். அங்கே ஒரு பிரிவு இருந்தது. புகார் சொன்னவரின் சொல் பழையதாகிவிட்டால், அதை முதலில் கேட்டவரின் சொல்லை மாவட்ட மன்றம் ஏற்றுக்கொள்ளலாம். கேட்டவர் அதை அதுவரை எவரிடமும் சொல்லியிருக்கக் கூடாது. எங்கும் எழுதியிருக்கவும் கூடாது.

திங்கட்கிழமை இரவு நான் நாட்குறிப்பு எழுதவில்லை. மறுநாள் வகுப்பில் தேர்வு இருந்தது. நல்ல எண்ணத்தால் நடந்ததல்ல. நேரம் இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளி

அக்காவின் வீடு சரவணம்பட்டி பக்கம். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். சட்டப் பிரிவைச் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு கேள்வி கேட்டார். எங்கள் குழுத் தலைவரைவிட நன்றாகக் கேட்டார்.

"உங்கம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"அந்த மேடத்துகிட்ட?"

"அவங்க கேக்கவே இல்லீங்க."

"எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா? உங்களப் பாத்தா எழுதற ஆளாட்டம் தெரியுது."

"எழுதுவேன். இத எழுதல."

அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "அப்ப, எனக்குத்தான் பழசாப் போச்சு. உங்களுக்கு இன்னும் புதுசு."

"ஆமாங்க."

"என்னுது உங்ககிட்ட இருக்குது."

"ஆமாங்க."

"கொட்டிராம வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாவட்ட மன்றத்துக்கு மனு எழுதிக் கொடுத்தோம். விசாரணை அடுத்த மாதம். இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். பயமா என்று யோசித்தேன். பயம்தான்.

ஞாயிறு

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது எளிது என்று நினைத்திருந்தேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் சொல்லக்கூடாது என்று ஆனபின் அது வாய்க்குள் எந்நேரமும் ஒரு கல் கிடப்பதுபோல் இருக்கிறது.

அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "என்ன, வாயில கொழுக்கட்டையா?"

"ஒன்னுமில்லம்மா."

"பையன் யாராச்சுமா? சொல்லித் தொல. நல்ல எடமா இருந்தா ஜாதகம் பாத்துக்கலாம். மோசமா இருந்தா இப்பவே திட்டிர்றேன், பின்னாடி திட்ட எனக்குத் தெம்பு இருக்காது."

சிரிப்பு வந்தது. சிரித்ததும் சொல்லிவிடவேண்டும் போல் இருந்தது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

சொல்லாமல் இருந்தால் மட்டும் போதுமா என்பது இப்போது சந்தேகமாக இருக்கிறது. மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாலும் அது தேயுமா? சட்டத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பேருந்தில் உட்கார்ந்தால் என் மனம் தானாக எண் போடத் தொடங்குகிறது. முதலாவதாக அவர் இதைச் சொன்னார், இரண்டாவதாக இதை. உடனே நிறுத்திவிட்டு வெளியே தெரியும் கடைப்பலகைகளை வாசிக்கிறேன். மருந்துக்கடை, டயர்கடை, மருந்துக்கடை. நான்காவது பலகைக்குள் மூன்றாவதாக அவர் சொன்னது வந்துவிடுகிறது.

வேறு யாராவது அந்த அறையில் இருந்திருந்தால், ஒழுங்காகக் குறித்துக்கொள்ளத் தெரியாத ஒருவர் இருந்திருந்தால், அக்காவுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

செவ்வாய்

மோட்டார் சுற்றும் பிரிவுக்கு ஒரு சுற்றறிக்கையை ஒட்டப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன்.

வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு பெண். இரண்டு கைகளும் உயர்ந்து, கம்பியை இழுத்துப் பிடித்தபடி. கம்பி தளர்ந்தால் சுற்றிய சுருள் முழுவதும் கலைந்துவிடும். அதனால் யார் கூப்பிட்டாலும் அவர்கள் கழுத்தை மட்டும்தான் திருப்புவார்கள். பிரசன்னகுமார் மேஜைகளுக்கு நடுவே நடந்துவந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை. அக்காவின் மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார். அக்கா கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

அவர் அங்கே நின்றவரை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே போயிருக்கலாம். என் கையில் சுற்றறிக்கையும் பசையும் இருந்தன, போக ஒரு காரணமும் இருந்தது. போகவில்லை. அவர் நகர்ந்த பிறகுதான் போனேன்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். இது நான் கண்ணால் பார்த்தது. அக்கா சொன்னது அல்ல. எழுதலாம் என்று தோன்றுகிறது.

வெள்ளி

மன்றத்தின் கடிதம் கம்பெனிக்கு வந்துவிட்டது. சாட்சி: சுபிக்ஷா, உதவியாளர், பணியாளர் பிரிவு.

வசுந்தரா மேடம் என்னை அந்தச் சின்ன அறைக்கு அழைத்தார். மேஜையில் டீ இருந்தது. தட்டில் வர்க்கி. இந்த முறை டீ போட்டவர் அவர்.

"உக்காரு கண்ணு. நான் உன்னத் திட்டக் கூப்பிடல."

உட்கார்ந்தேன்.

"சாட்சி சொல்றது உன் உரிம. யாரும் தடுக்க முடியாது. ஆனா எளச்சுப் போயிட்டியே. கண்ணுக்குக் கீழ பாரு. இத்தன நாளா தனியாச் சொமக்கற. எதுக்கு? என்கிட்டச் சொல்லு. மேலோட்டமாச் சொன்னாப் போதும். மனசு லேசாகும்."

அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. ஒரு நிமிடம், உண்மையிலேயே ஒரு நிமிடம், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் இந்தக் கல் போய்விடும். வேலை இருக்கும். அம்மாவிடம் ஒன்றும் விளக்க வேண்டாம். நான் நல்லவளாகவும் இருக்கலாம். பேச வைத்தார்கள், பேசிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அக்காவும் இப்படித்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். அதே நாற்காலி.

வர்க்கியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருந்தால் பேச முடியாது என்பது மட்டும்தான் காரணம்.

மேடம் காத்திருந்தார். நான் மென்று முடித்ததும் கேட்டேன். "மேடம், உங்களுக்கு யாராச்சும் இப்படி டீ குடுத்துக் கேட்டிருக்காங்களா?"

அவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். "அப்பல்லாம் வெளக்கு இல்ல. நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். சொல்லி என்ன ஆச்சுன்னு கேளு." நான் கேட்பதற்குள் அவரே எழுந்துவிட்டார். "உன் வேலை ஒப்பந்தத்துல ரகசியம் காக்கணும்னு ஒரு பிரிவு இருக்கு. சாட்சி சொன்ன அன்னைக்கே வேலை போயிரும். நான் சொல்லல. காகிதம் சொல்லுது."

கதவருகே திரும்பி, "டீ ஆறுது, குடிச்சுட்டுப் போ" என்றார்.

புதன்

இன்று விசாரணை முடிந்தது.

மாவட்ட மன்றம் என்றால் பெரிய கூடம் என்று நினைத்திருந்தேன். ஒரு மின்விசிறி, நான்கு பெஞ்சு. நடுவர் பெயர் திருவேங்கடம். ஜலதோஷம் போலிருக்கிறது, கைக்குட்டையை விடவே இல்லை. பக்கத்தில் தட்டச்சு செய்யும் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். வாசலில் ஊழியர் ஒருவர். கம்பெனி சார்பில் ஒரு வக்கீலும் வசுந்தரா மேடமும். முதல் பெஞ்சில் ரங்கநாயகி அக்கா, மடியில் பை.

பட்டை நெற்றியில் சில்லென்று இருந்தது. விளக்கு என் வலப்பக்கம், நான் திரும்பினால் தெரியும்படி.

"அந்தம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க? அவசரமில்ல, சொல்லுங்க."

சொன்னேன். எங்கே, எப்போது தொடங்கியது, எத்தனை முறை, யார் பக்கத்தில் இருந்தார்கள். தடுமாறாமல் சொன்னேன். தடுமாறாமல் வருகிறதே என்று எனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மஞ்சள்.

"அம்மா, நீங்க வாசிக்கற மாதிரி இருக்கே" என்றார் நடுவர். "யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"சத்தியமா இல்லீங்கய்யா. மனசுக்குள்ள... எண் போட்டு வச்சுட்டேன்."

தட்டச்சுச் சத்தம் நின்றது. அக்கா பையின் காதை இறுக்கிப் பிடித்திருந்தது தெரிந்தது. அவருடைய எட்டு மாதம். அதை நான் ஒரு முறை டீயில் கரைத்தேன். இப்போது இரண்டாவது முறை, எண் போட்டு.

வக்கீல் எழுந்தார். வென்றுவிட்ட குரல். "ஐயா, இதுக்கு மேல மன்றத்தோட நேரத்த வீணாக்க வேண்டாம். இது விசாரணையே இல்ல. ரெண்டு லேடீஸ் வேலை நேரத்துல டீ குடிச்சு, வர்க்கி தின்னு, ஜாலியாப் பேசுன அரட்டை. அதப் போயி சாட்சின்னு..."

நடுவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? டீ குடிச்சிட்டுத்தான் பேசுனீங்களா?"

"நான் குடிச்சேங்கய்யா."

"அவங்க?"

குடித்தார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படித்தானே இருக்க வேண்டும். ஆனால் நான் போட்ட எண்களில் டீ எங்கும் இல்லை. தேடினேன். சின்ன அறை. மேஜை. அவர் முன்னால் தம்ளர். அதன்மேல் ஆடை படிந்திருக்கிறது. வர்க்கியைத் தோய்க்கப் போட்டு எடுக்காமல் விட்டிருக்கிறார், அது ஊறி அடியில் உட்கார்ந்துவிட்டது.

"குடிக்கலைங்க."

"ஏன்?"

"கை..." என்றேன். "கை ரெண்டும் மேல இருந்துச்சுங்க."

"மேலன்னா?"

என் கைகளைத் தூக்கிக் காட்டினேன். மார்புக்கு நேராக, ஒரு சாண் இடைவெளியில், விரல்களைக் குவித்து. "சொல்லி முடிக்கற வரைக்கும் இப்படியே வச்சிருந்தாங்க. கம்பி புடிச்ச மாதிரி. கம்பி இல்லாமயே."

அதற்குப் பிறகு எண்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. விட்டுவிட்டு, முன்னும் பின்னுமாக வந்தது. ஆயுத பூசையன்று முதல் தடவை. இரண்டு கையிலும் கம்பி இருக்கும்போது மட்டும்தான் பிரசன்னகுமார் வருவார். பின்னால் வந்து நிற்பார். சுருள் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதுபோல் பார்ப்பார். கை முதுகில் இருக்கும், பிறகு முதுகில் இருக்காது. கம்பியை விட்டால் சுருள் கலையும். கலைந்தால் யார் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

"அப்ப நான் கேட்டேங்கய்யா" என்றேன். இது வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. "கம்பிய விட்டுட்டு எந்திரிச்சிருக்கலாமேக்கான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒன்னும் சொல்லலைங்க. என்னப் பாத்தாங்க. கைய மட்டும் கீழ எறக்கலைங்க."

என் வரிசையில் அந்தக் கேள்வியை நான் சேர்க்கவே இல்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். நான் சொன்ன ஒன்றை மட்டும் விட்டுவிட்டிருந்தேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டச்சுப் பெண்ணின் கன்னத்தில் பச்சை வெளிச்சம் தெரிந்தது.

நடுவர் புகாரை ஏற்றுக்கொண்டார். முழு விசாரணை முடியும்வரை பிரசன்னகுமார் அந்தப் பிரிவுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு சொன்னார். வக்கீல் மேல்முறையீடு செய்வோம் என்றார். செய்யுங்கள் என்றார் நடுவர். பிறகு கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"மேல்மன்றம் எழுத்த நம்பாது, வெளக்கத்தான் நம்பும். இந்தச் சாட்சியோட சொல் இப்ப பழசாயிருச்சு. இனிமே, இங்க இருந்து கேட்ட நாமதான் முதலில் கேட்டவங்க. நான், தட்டச்சர், வாசல்ல இருக்கறவர், வக்கீல் சார், கம்பெனியிலருந்து வந்த இந்தம்மா. மேல்முறையீடு முடியற வரைக்கும் யாரும் யார்கிட்டயும் இதப் பத்திப் பேசக் கூடாது. வீட்லயும் கூடாது."

"எவ்ளோ நாளாகுங்கய்யா?" என்று தட்டச்சுப் பெண் கேட்டாள்.

"வருஷக்கணக்கு ஆகலாம்."

அவள் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஏதோ உள்ளே போய்விட்டதுபோல. எனக்கு அது என்னவென்று தெரியும்.

வாசலில் வசுந்தரா மேடம் எங்களைக் கடந்து போனார். அக்காவின் அருகில் ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்ல வந்தார். உதடு பிரிந்தது. மூடிக்கொண்டு காரில் ஏறினார். டிரைவர் "என்னாச்சுங்க மேடம்?" என்று கேட்டது எங்களுக்குக் கேட்டது. பதில் கேட்கவில்லை.

என் போனில் செய்தி வந்திருந்தது. காகிதம் சொன்னபடியே.

"போச்சா?" என்றார் அக்கா.

"போச்சுங்க."

"வாங்க கண்ணு. இந்தத் தடவ டீ என்னுது."

எதிர்ப்புறம் இருந்த கடையில் உட்கார்ந்தோம். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இரண்டு டீ, வர்க்கி. அக்கா ஒரு வர்க்கியை இரண்டாக உடைத்தார்.

"ஒன்னு மட்டும் தப்பாச் சொல்லிட்டீங்க."

"என்னதுங்க?"

"ஆயுத பூசையன்னைக்குன்னீங்க. பூசையன்னைக்கு யாருங்க கம்பியத் தொடுவா? மெசினுக்கெல்லாம் பொட்டு வச்சுப் பொரி குடுத்து அனுப்பிருவாங்க. மொத நாளு அது."

"பச்சை எரிஞ்சுதுங்களேக்கா."

"எரிஞ்சுது. நான் சரியாச் சொன்னப்பதான் மஞ்சளு."

தேடிச் சொன்னேனா என்று மட்டும்தான் கருவி பார்த்தது. தேடி நான் எடுத்தது சரிதானா என்று அது பார்க்கவில்லை. இப்போது ஐந்து பேர் அந்தத் தவறான நாளை யாரிடமும் சொல்லாமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். திருத்தலாம் என்றால், திருத்தினாலும் அது பழஞ்சொல். மேல்மன்றத்தில் அந்த வக்கீல் முதலில் கைவைப்பது அங்கேதான்.

"இனி என்னங்க செய்யறது?"

"அத அப்பப் பாத்துக்கலாம். அந்தாளு நாளைக்கு வரமாட்டான். மொதல்ல அது போதும்." அக்கா தம்ளரை எடுத்து ஊதினார். "நம்ம ரெண்டு பேருக்கும் இப்ப பழசுதான?"

"பழசுதாங்க."

"அப்பப் பேசலாமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதைப் பற்றிப் பேச அந்தக் கூடத்திலிருந்து வெளியே வந்தவர்களில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தடை இல்லை.

"பேசலாங்க. எத்தன தடவ வேணும்னாலும்."

"எழுதறதா இருந்தாலும் எழுதிக்கங்க. ஆனா சரியா எழுதோணும்."

"சொல்லுங்கக்கா" என்றேன். அன்றைக்குச் சொன்ன அதே இரண்டு சொற்கள். சொன்ன பிறகுதான் கவனித்தேன். அவரும் கவனித்தார். லேசாகச் சிரித்தார்.

ஆயுத பூசைக்கு முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். வர்க்கியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டே சொன்னார். கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அக்கா அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைக் குறைக்காமல் மேலே சொல்லிக்கொண்டு போனார்.